சேனை நாளில் முகம் துடைக்கிறவள்

சேனைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருக்கிறவளுக்கு மூக்கில் அரிப்பு வந்தால், தன் கையால் சொறிந்துகொள்ள முடியாது. கிழங்கு பட்ட கை முகத்தில் பட்டால் முகமும் அரிக்கும். கண்ணில் பட்டால் அன்றைக்கு முழுக்க அழுகைதான். அதனால் சேனை நாளில் வெட்டுகிறவளுக்கு ஒரு துணை வேண்டும், கை சுத்தமாக இருக்கிற ஒருத்தி. வியர்வையைத் துடைக்க, நெற்றியில் விழுகிற முடியை ஒதுக்க, தாகம் என்றால் வாயில் தண்ணீர் ஊற்ற, மூக்கைத் தூக்கிக் காட்டினால் சொறிந்துவிட. எங்கள் கேன்டீனில் அந்த ஒருத்தி நான்தான். நிதானத்துக்கு நான். வேறு யாரும் அந்தப் பக்கம் வந்ததில்லை, வர நான் விட்டதுமில்லை.

நிதானம் என்பது அவள் பேர் இல்லை. எதையும் ஆற அமரச் செய்கிறவள் என்பதால் தலைமைச் சமையல்காரர், நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுகிறவர், வைத்த பேர். எனக்கும் அவர்தான் பேர் வைத்தார். பட்டாசு. ஏன் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும், அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

எங்களுடையது இரும்புச் சாமான் செய்கிற ஒரு கம்பெனியின் கேன்டீன். முன்னால் சாப்பாட்டுக் கூடம், நடுவில் அடுப்புகள், பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. கொட்டகைக்குள் சிமென்ட் தொட்டி, இரண்டு குழாய், எப்போதும் மண் அடைத்துக்கொள்கிற ஒரு சாக்கடை, இரண்டு மணைப் பலகை. அந்த இரண்டு பலகைதான் எங்கள் ராஜ்ஜியம். மண்ணுக்கு அடியில் விளைகிற எதுவும் எங்களைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போக வேண்டும். உருளை, கேரட், முள்ளங்கி, பீட்ரூட், சேம்பு, இஞ்சி, எல்லாம் சாக்கு சாக்காக வந்து இறங்கும்.

நான் கழுவுகிறவள். அவள் சீவுகிறவள். முதல் தண்ணீர் டீ மாதிரி இருக்கும். இரண்டாவது கலங்கலாக இருக்கும். மூன்றாவது தண்ணீரில் தொட்டியின் தரை தெரியவில்லை என்றால் நான் அந்தக் கிழங்கை வெளியே எடுக்க மாட்டேன். தேங்காய் நாரால் உருளையின் பள்ளங்களைத் தேய்த்து, இஞ்சியின் இடுக்குகளில் விரலை விட்டு மண்ணைக் கிளறி, அலசி நீட்டுவேன். அவள் நிமிர்ந்து பார்க்காமலே வாங்குவாள். நான் எந்த உயரத்தில் நீட்டுவேன் என்று அவள் கைக்குத் தெரியும். பேச்செல்லாம் என்னுடையது. அவள் நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் நான் சொல்வதற்கெல்லாம் அவள் கத்தி கொஞ்சம் நிற்கும், பிறகு ஓடும். அதை வைத்தே அவள் சிரிக்கிறாளா, இல்லை போடி என்கிறாளா என்று கண்டுபிடித்துவிடுவேன். அப்படி ஒரு பொருத்தம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்கூட வாய்க்கவில்லை.

சேனைக்கு மட்டும் சட்டம் தலைகீழ். மற்றதெல்லாம் கழுவிவிட்டுச் சீவுவோம். சேனையை உலர்ந்தபடியே மண்ணைத் தட்டி, கையில் எண்ணெய் பூசிக்கொண்டு, தோலைக் கொத்தி எடுத்த பிறகுதான் தண்ணீரைக் காட்ட வேண்டும். ஈரத்தோடு தொட்டால் அரித்துத் தள்ளிவிடும். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல் சேனை மூட்டை வந்து இறங்கியபோதே நான் கையை விரித்துவிட்டேன்.

"எனக்கு அரிக்கும்டி. என்னால ஆகாது."

"சரி, கொண்டா" என்றாள் அவள்.

அன்றிலிருந்து சேனை அவளுடையது. அவள் கை அரிக்காத கை. சிலருக்கு அப்படி அமைந்துவிடுகிறது என்று நானே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் இல்லை என்று சொன்னதே இல்லை.

எல்லாம் இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனியில் ஆட்கள் கூடினார்கள், சாப்பாடு கூடியது, மாஸ்டர் ஒருநாள் ஒரு நெட்டைப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து கொட்டகையில் நிறுத்தினார். "இது புதுசு. ரெண்டு பேரும் சொல்லிக் குடுங்க" என்றார். அந்தப் பெண்ணுக்கும் பேர் இல்லாமல் போய்விட்டது. கேன்டீனே அவளைப் புதுசு என்றுதான் கூப்பிட்டது.

மூன்றாவது மணைப் பலகை வந்தது. அவள் அதை எங்கே போட்டாள் தெரியுமா? எனக்குப் பக்கத்தில் இல்லை. நிதானத்துக்குப் பக்கத்தில். ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதை என்று அன்றைக்கே எனக்குப் பட்டது.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். சிரித்த முகம். மெதுவான பேச்சு. எதையும் கேட்டுக் கேட்டுச் செய்வாள்.

"ஏன்க்கா, பீட்ரூட் காம்பை ஒட்ட வெட்டக் கூடாதுங்கறீங்க?"

"ஒட்ட வெட்டினா வேகறப்போ சாயமெல்லாம் தண்ணிக்குப் போயிடும். அப்புறம் காய் வெளுத்துப்போய் நிக்கும். ஒரு விரல் காம்பு விட்டு வேகவெச்சுட்டு, தோலை அப்புறமா உரிச்சுக்கணும்" என்றாள் நிதானம்.

என்னிடம் ஒரு நாள் முழுக்கப் பேசுகிற வார்த்தையை, அவளுக்கு ஒரே ஒரு பீட்ரூட்டுக்குச் செலவழித்துவிட்டாள். எனக்கும் தெரிந்த விஷயம்தான் அது. என்னைத்தான் யாரும் கேட்கவில்லை.

குறை கண்டுபிடிக்கலாம் என்று அவள் சீவிய உருளைகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கண்ணாவது தோண்டாமல் விட்டிருப்பாள், நாலு வார்த்தை கேட்கலாம் என்று. ஒன்றுகூட இல்லை. தோலைக்கூட மெல்லிசாகத்தான் எடுத்திருந்தாள். அது இன்னும் எரிச்சல். "ரொம்ப நேரம் எடுத்துக்கறே" என்றேன். நிதானம் தலையைத் தூக்கி, "நானும்தான் எடுத்துக்கறேன்" என்றாள்.

பிறகு மெஷின் வந்தது. உருளையைக் கொட்டினால் உள்ளே உருட்டி உரசித் தோலை எடுத்துத் தருகிற பெரிய டிரம். பாதி வேலையை அது பிடுங்கிக்கொண்டது. சேனையையும் சேம்பையும் அதில் போட முடியாது, இஞ்சியைப் போட்டால் ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் கொட்டகைக்கு மூன்று பேர் அதிகம்தான்.

மாஸ்டர் வந்து நின்று தொண்டையைச் செருமினார். "இனிமே இங்க ரெண்டு பேர் போதும். ஒருத்தர் கூடத்துக்குப் போகணும். மேஜை தொடைக்க, தட்டு எடுக்க. பட்டாசா, புதுசா? நிதானமே சொல்லட்டும், அவகூட உக்காந்து வேலை செய்யப் போறவங்கதானே. மாசக் கடைசிக்குள்ள சொல்லிடும்மா."

நிதானம் கேரட்டின் வாலை நறுக்கிவிட்டு, "சரி" என்றாள். என்னைப் பார்க்கவும் இல்லை, அவளைப் பார்க்கவும் இல்லை.

எனக்குப் பயம் வந்தது. கூடத்து வேலை ஒன்றும் கேவலம் இல்லை. காற்றாடி உண்டு, முதுகு வளைய வேண்டாம். ஆனால் அங்கே போனால் எனக்கு எதிரில் அவள் இருக்க மாட்டாள். நான் நீட்டுவதைப் பார்க்காமல் வாங்குகிற கை இருக்காது. அதைவிட, என் பலகையில் அந்த நெட்டைச்சி உட்கார்ந்து கழுவி நீட்டுவாள், நிதானம் அதையும் பார்க்காமலே வாங்கப் பழகிவிடுவாள்.

அந்த வாரத்தில் சேனை வந்தது. நிதானம் எண்ணெய் பூசிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தொட்டியில் முள்ளங்கியை அலசிக்கொண்டே ஒரு கண்ணை அவள் மேல் வைத்திருந்தேன், துண்டைத் தோளில் தயாராகப் போட்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தைத் தூக்கினாள். முடி கண்ணில் விழுந்திருந்தது. நான் கையை உதறிக்கொண்டு எழுந்தேன்.

முகம் என் பக்கம் திரும்பவில்லை.

"பொண்ணே, இந்த முடியைக் கொஞ்சம் ஒதுக்கு" என்றாள்.

புதுசு எழுந்து முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகினாள். நெற்றியை ஒற்றினாள். போதாததற்கு, கண்ணில் ஏதோ தூசி என்று மெதுவாக ஊதியும் விட்டாள். நிதானம் குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தாள். நான் துண்டோடு நின்றேன். வயிற்றுக்குள் மாஸ்டரின் பெரிய அடுப்பையே யாரோ பற்றவைத்த மாதிரி இருந்தது.

"நான் இருக்கேன்ல?" என்றேன்.

"நீ தொட்டியில கை விட்டிருந்தே. அவ சும்மா இருந்தா" என்றாள் நிதானம்.

நியாயமான பதில்தான். எரிகிறவளுக்கு நியாயம் எதற்கு? முள்ளங்கியை நான் கழுவிய கழுவில் அதற்கு உயிர் இருந்திருந்தால் போலீஸுக்குப் போயிருக்கும்.

வீட்டில் அன்றைக்குப் பாத்திரங்கள் சத்தம் போட்டன. என் வீட்டுக்காரர் லாரி மெக்கானிக். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கிறதுதான் அவர் பிழைப்பு.

"கேன்டீன்ல யாரோட?" என்றார்.

சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏண்டி, நம்ம கல்யாணமான நாள்லேருந்து ஒரு தடவையாவது என்னைப் பத்தி இப்படி எரிஞ்சிருக்கியா?"

"உங்களை யாரு பாக்கப் போறா?"

"அதுவும் சரிதான்." சாப்பிட்டுக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "அவகிட்டயே கேட்டுடேன், யாரைச் சொல்லப் போறேன்னு. வாயிருக்கு, அதுவும் உன் வாய்."

"கேட்க மாட்டேன். நான் என்ன கிள்ளுக்கீரையா, போய்க் கெஞ்ச?"

"அப்ப எரி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அடுத்த சேனை மூட்டை வந்தபோது நான் ஒரு முடிவோடு இருந்தேன். நிதானம் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும் முன்னால் மூட்டையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இன்னிக்கு நான் வெட்டறேன்."

"உனக்கு அரிக்கும்னு சொல்லுவியே."

"அரிச்சா அரிக்கட்டும். நான் வெட்டினா யாரு வந்து எனக்குத் தொடைக்கறாங்கன்னு பாக்கறேன்." இதை மனசுக்குள் சொல்ல நினைத்தேன். வாய் முந்திக்கொண்டது. என் வாய்க்கு அதுதான் பழக்கம்.

புதுசு தலையைக் குனிந்துகொண்டாள். நிதானம் சேம்புப் பக்கம் நகர்ந்தாள்.

ஒரு பெரிய சேனையைத் தூக்கினேன். ஆத்திரத்தில் நான் என்ன செய்தேன் என்றால், வருஷக்கணக்கில் செய்கிற பழக்கத்தில், அதைக் கொண்டுபோய்த் தொட்டிக்குள் முக்கி நாரால் பரபரவென்று தேய்த்தேன். கழுவுகிறவளின் கை கழுவத்தானே போகும்? ஈரக் கை, ஈரக் கிழங்கு. எண்ணெயும் பூசவில்லை. தோலைக் கொத்த ஆரம்பித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அதற்குள் விரல் இடுக்கில் ஆரம்பித்துவிட்டது. எறும்பு ஊர்கிற மாதிரி முதலில். பிறகு அந்த எறும்புகள் தங்கள் சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தன. மணிக்கட்டு, முழங்கை வரை. கத்தியைப் பிடிக்க முடியவில்லை, கீழே வைக்கவும் ரோஷம் விடவில்லை. வியர்வை புருவத்தில் சேர்ந்து கண்ணுக்குள் இறங்கியது. மூக்கின் நுனி, சொல்லிவைத்த மாதிரி, அப்போதுதான் அரித்தது.

யாரையும் கூப்பிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் எழுந்தது புதுசு. துண்டோடு பக்கத்தில் வந்தாள். "அக்கா, முகத்தைக் காட்டுங்க."

"வேண்டாம்" என்று திருப்பிக்கொண்டேன்.

அவள் போகவில்லை. தன் பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து நிதானத்திடம் கொடுத்தாள். நிதானம் வந்து என் எதிரில் குந்தி உட்கார்ந்து, கத்தியை என் கையிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டு, டப்பாவிலிருந்து ஊறவைத்த புளியை வழித்து என் இரண்டு கையிலும் தேய்த்தாள். விரல் விரலாக, இடுக்கு இடுக்காக. எங்கே அதிகம் அரிக்கும் என்று நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"உனக்குத்தான் அரிக்காதே. புளி தேய்க்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எனக்கு அரிக்காதுன்னு யாரு சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியுமே. நான்தான்..." பாதியில் நின்றுவிட்டேன். நான்தான் சொன்னேன். நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அரிக்குமா உனக்கு?"

"நல்லா அரிக்கும். எண்ணெய் பூசினா கொஞ்சம் கம்மி. ராத்திரி வரைக்கும் இருக்கும்."

"ஏண்டி சொல்லலை இத்தனை நாளா?"

அவள் புளியைத் தேய்த்துக்கொண்டே நிதானமாக யோசித்தாள். "சொன்னா நீ வெட்டுவியா? வெட்ட மாட்டே. யாராவது ஒருத்தர் வெட்டித்தானே ஆகணும்."

இதில் கோபம் ஒரு துளியும் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், தப்பித்திருப்பேன்.

"டப்பா ஏது?" என்றேன், புதுசைப் பார்த்து.

அவள் பயந்துகொண்டே சொன்னாள். "வந்த புதுசுல, முதல் தடவை சேனை வெட்டறதைப் பாத்தப்போ, அரிக்கலையாக்கான்னு கேட்டேன். அரிக்குதுன்னாங்க. அதான் சேனை வர்ற அன்னிக்கெல்லாம் வீட்டிலேருந்து ஊறவெச்சு எடுத்துட்டு வர்றேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் வந்து உட்காரும் முன்னாலேயே பொறாமை தன் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரிக்கலையா? இரண்டு வார்த்தைகூட இல்லை, ஒரே வார்த்தை. இவ்வளவு பேசுகிற என் வாயில் அது ஏன் வரவில்லை? நேற்று வந்தவள் வாயில் எப்படி வந்தது? நிதானத்தின் முகத்தைத் துடைத்த கை என் கை, ஆனால் அவள் கையை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. நிதானம் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியதில் தப்பே இல்லை. தப்பு இல்லை என்று தெரிந்த பிறகு எரிகிறது, முன்னால் எரிந்ததைவிட மோசம். முன்னாலாவது திட்டுவதற்கு ஆள் இருந்தது.

அன்று முழுக்க நான் பேசவில்லை. மாஸ்டர் வந்து கொட்டகையை எட்டிப் பார்த்து, "மழை வருமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாசக் கடைசியில் அவர் மறுபடி வந்தார். நான் என் துண்டை மடித்துப் பைக்குள் வைத்துத் தயாராக இருந்தேன். நானாக இருந்தால் என்னைத்தான் அனுப்பியிருப்பேன்.

"புதுசு, திங்கக்கிழமையிலேருந்து நீ கூடத்துக்குப் போயிடும்மா" என்றார்.

நான் நிதானத்தைப் பார்த்தேன். அவள் இஞ்சித் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னைக் கேக்காமயே எப்போ சொன்னே?"

"அவர் கேட்ட மறுநாளே சொல்லிட்டேன்."

அதாவது நான் எரிந்த எரியெல்லாம் வெட்டி எரி. முடியை ஒதுக்கச் சொன்ன அன்றைக்கும், சேனையை நான் பிடுங்கிய அன்றைக்கும், என் இடம் என்னிடம்தான் இருந்திருக்கிறது. குதித்திருக்க வேண்டும். ஆனால் கேட்காமல் விட முடியவில்லை.

"ஏன் என்னை இங்க வெச்சுக்கறதா சொன்னே?"

"உன்னைக் கூடத்துல போட்டா முதல் நாளே எவன் தலையிலயாவது தண்ணி ஜக்கைக் கவுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவே. அவ எங்க போனாலும் பொழைச்சுக்குவா. நீ பொழைக்க மாட்டே."

"அதுக்காகத்தானா?"

"வேற எதுக்கு?"

வகுப்பில் எல்லோரும் பரீட்சை எழுதிப் பாஸாக, ஒருத்தியை மட்டும் ஐயோ பாவம் என்று பாஸ் போட்டால் அவளுக்கு எப்படி இருக்கும்? பாஸ் பாஸ்தான். வீட்டில் போய்ச் சொல்லலாம். சொல்லும்போது குரல்தான் கொஞ்சம் இறங்கும்.

சாயங்காலம் புதுசு தன் கத்தியைக் கழுவித் துடைத்து நிதானத்திடம் கொடுத்தாள். பலகையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தாள். "நடுவுல அடுப்படிதான்க்கா இருக்கு, அடிக்கடி வருவேன்" என்றாள். நிதானம் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். கண் நிறைந்து வழிந்தது. கை சுத்தமாகத்தான் இருந்தது அன்றைக்கு, இருந்தும் அவள் துடைத்துக்கொள்ளவில்லை. அவள் மாமியார் செத்தபோதுகூட என் முன்னால் ஒரு சொட்டு விடாதவள். பலகை எனக்குக் கிடைத்தது, கண்ணீர் புதுசுக்குக் கிடைத்தது. நான் மெஷினைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

மறு சேனை நாளில் கொட்டகையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நிதானம் எண்ணெய் பூசிக்கொண்டாள். நான் துண்டோடு நின்றேன். அரிக்கலையா என்று கேட்டுவிட வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அது புதுசு கேட்ட கேள்வி. இப்போது போய் நான் கேட்டால் இரவல் புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கும். நிதானம் ஒன்றும் சொல்ல மாட்டாள், ஆனால் அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

துண்டைக் குழாயில் தொங்கவிட்டேன். கையை ஈரம் போகத் துடைத்தேன், விரல் இடுக்கெல்லாம். எண்ணெய்க் கிண்ணத்தை இழுத்துப் பூசிக்கொண்டு, புதுசு விட்டுப்போன கத்தியை எடுத்துக்கொண்டு என் பலகையில் உட்கார்ந்தேன்.

"என்னடி பண்றே?"

"பாதி எனக்கு."

"அரிக்கும்."

"தெரியும்."

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள். பிறகு ஒரு சேனையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை என் பக்கம் தள்ளினாள். பெரிய பாதியை இல்லை. சின்னதைத்தான். நான் அதைக் கவனித்தேன், சண்டை போடவில்லை.

மண்ணைத் தட்டி, தோலைக் கொத்தி, உள்ளே இருக்கிற இளஞ்சிவப்புத் தெரியும்வரை செதுக்கினோம். எண்ணெய் இருந்தும் அரித்தது. இதையா இவள் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் செய்தாள் என்று நினைக்க நினைக்க என் கத்தி மெதுவாகப் போனது. நானும் பேசவில்லை. மூட்டை பாதியானபோது நிதானம் முகத்தைத் தூக்கினாள். இந்தத் தடவை என் பக்கம்தான்.

"மூக்கு" என்றாள்.

சந்தோஷமாகக் கையைத் தூக்கினேன். தூக்கிய கையை இருவருமே பார்த்தோம். முழங்கைவரை சேனை.

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. இரண்டு பேரும் வெட்டினால் துடைக்க யாரும் இல்லை. நிதானத்தின் தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமே வராமல் சிரித்தாள், மூக்கைச் சுளித்துக்கொண்டு. எனக்கும் சிரிப்பு வந்தது, அதோடு நெற்றி வியர்வை இமைக்கு இறங்கியது.

"தோள்ல தேய்ச்சுக்கோ" என்றேன்.

"எட்டலை."

"மாஸ்டரைக் கூப்பிடட்டா?"

"மாஸ்டர் வந்து என் மூக்கைச் சொறியணுமா?" என்றாள். பிறகு, "அவளைக் கூப்பிடு" என்றாள்.

"எவளை?"

"எவளையா. கூடத்துல இருக்கறவளை."

"நீ கூப்பிடேன். உன் ஆளு."

"என் குரல் அடுப்பு வரைக்கும்கூடப் போகாது. உன் குரல்தான் போகும்."

நான் பேசாமல் இருந்து பார்த்தேன். வியர்வை இமையின் ஓரத்தில் வந்து நின்றது. நிதானம் மூக்கை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கட்ட, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. அவள் எதற்கும் கெஞ்ச மாட்டாள், வெட்டிக்கொண்டே இருப்பாள், ராத்திரிவரை அரித்தாலும் சொல்ல மாட்டாள்.

கூப்பிட்டேன். அடுப்படியைத் தாண்டி, தட்டுச் சத்தத்தைத் தாண்டி, கூடத்தின் கடைசி மேஜைவரை போகிற மாதிரி கூப்பிட்டேன்.

ஓடி வந்தாள். எங்கள் நாலு கையையும் பார்த்தாள், புரிந்துகொண்டாள். தன் கையைக் குழாயில் கழுவி, தொங்கிக்கொண்டிருந்த என் துண்டை எடுத்து நிதானத்தின் பக்கம் போனாள்.

"முதல்ல அவளுக்கு. கண்ணுல இறங்கப் போகுது" என்றாள் நிதானம்.

எனக்கு வேண்டாம், அவளுக்குத் துடை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் புதுசு என் முன்னால் குனிந்துவிட்டாள். முகத்தைக் கொடுத்தேன். நெற்றி, புருவம், இமையோரம் எல்லாவற்றையும் ஒற்றி எடுத்து, முடியைக் காதுக்குப் பின்னால் செருகி, கேட்காமலே மூக்கு நுனியையும் சொறிந்துவிட்டாள். நல்லாத்தான் துடைத்தாள், பாவி.